பாதரசம் இறந்ததற்கு ஆதாரம்

வேடியப்பன் இறந்துவிட்டார் என்பதை அறிவுத்திடல் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, படத்துக்குப் போட்ட மாலையும் காய்ந்துவிட்டது. திடலில் மட்டும் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

அறிவுத்திடல் ஒரு இணைய மன்றம். மென்பொருள், விஞ்ஞானம், டிவி என்று மூன்றைப் பற்றியும் தமிழில் சண்டை போடுகிற இடம். பதினோராயிரம் உறுப்பினர்கள். அதில் ஒன்பது வருடமாக நானும் ஒருவன். பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் ஜக்கார்டு டிசைன் போடுவது என் வேலை. வேலை முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் திடலைத் திறந்துவிடுவேன். அங்கே நான் ஜக்கார்டு71. சந்திரமோகன் என்ற பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. விதி நான்கு அப்படி.

பெயர், ஊர், தொழில், படிப்பு எதையும் திடலில் சொல்லக் கூடாது என்பதுதான் விதி நான்கு. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும். அதெல்லாம் வேண்டாம், அறிவு மட்டும் பேசட்டும் என்று வைத்தது. நல்ல விதிதான். அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவன் நான்.

அங்கே என்னோடு தினமும் சண்டை போட்டவர் பாதரசம். வைர உறுப்பினர், 6,214 பதிவுகள். லினக்ஸா விண்டோஸா என்பதில் ஆரம்பித்து, நிலாவில் ஐஸ் இருக்கிறதா, சீரியலில் காட்டுகிற ஆபரேஷன் சரியா என்பதுவரை நான் எதைச் சொன்னாலும் அவர் எதிர்ப்பக்கம். கடைசி மூன்று வருடம் ஒரே விவாதம்தான். மயில் கழுத்து நிறத்தை டிவியில் காட்ட முடியுமா, முடியாதா.

மயில் கழுத்து என்றால் பாவு பச்சை, ஊடை நீலம். இரண்டு நூலும் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் துணி அசைய அசைய நிறம் மாறும். நல்ல டிவியாக இருந்தால் அப்படியே காட்டும் என்பது என் கட்சி. எந்த டிவியும் காட்டாது, டிவி வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நிறத்தைத்தான் கொடுக்கும் என்பது அவர் கட்சி. என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். கம்ப்யூட்டரில் அந்த நிறத்துக்கு என்ன எண்? எண் ஒன்றுதான் என்றால் கடைக்காரர் ஏன் அதை இரண்டு கலர் புடவை என்று விற்கிறார்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவது கேள்வி: 'டிவியில் அச்சு அசலாக இருந்தது என்கிறீர்களே, அந்த அசல் புடவையை நீங்கள் எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள்?'

இது வம்புக்குக் கேட்ட கேள்வி என்று விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. ஒருநாள், 'ஜக்கார்டு கண்ணைக் கடையில் வைத்துவிட்டு வந்து எழுதுகிறார்' என்று போட்டார். அதற்கு நாற்பது பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். எனக்குக் கோபம் வந்து விதி பதினேழின்படி புகார் கொடுத்தேன். தனிநபர் தாக்குதல். குற்றம் சாட்டப்பட்டவர் நாற்பத்தைந்து நாளுக்குள் படிவம் ஆறில் விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் வேரோடு நீக்கம். வேரோடு என்றால் அவர் எழுதிய எல்லாமே போய்விடும்.

அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தேன். கண்ணாடி போட்ட, என் வயதுக்காரர் ஒருவரின் படம். கீழே இப்படி இருந்தது:

'அமரர் வே. வேடியப்பன் (எ) பாதரசம். பள்ளி ஆய்வக உதவியாளர், பெரணமல்லூர். அறிவுத்திடல் வைர உறுப்பினர், 6,214 பதிவுகள்.'

வண்டியை நிறுத்திவிட்டு அதை நாலு தடவை படித்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "இன்னா சார், தெரிஞ்சவரா?" என்றார். தெரியும் என்பதா தெரியாது என்பதா என்று எனக்குப் புரியவில்லை.

வீடு சேவூர் ரோட்டில். என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். ஒன்பது வருடம் இந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான் சண்டை போட்டிருக்கிறோம்.

கதவைத் திறந்தது அவர் மகள் அகல்யா. கல்லூரியில் படிக்கிறாள். திடலில் இருந்து வருகிறேன், ஜக்கார்டு நான்தான் என்று சொன்னதும் உள்ளே திரும்பி, "அம்மா, ஜக்கார்டு வந்துகிறாரு" என்றாள்.

வேடியப்பன் மனைவி ஆதிலட்சுமி வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க தானா அது? சோறு துன்னும்போதுகூட உங்களத் திட்டிகினே தான் துன்னுவாரு. ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்து, புதன்கிழமை இருதய ஆபரேஷன் நடந்து, வியாழக்கிழமை காலையில் இறந்திருக்கிறார். ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"ஆனா நேத்துகூட எனக்குப் பதில் போட்டாரேம்மா" என்றேன்.

"அது அப்பா முன்னாடியே எழுதி வெச்சது அங்கிள்" என்றாள் அகல்யா. "பின்னர் வெளியிடுனு ஒரு வசதி இருக்கு இல்ல, அதுல. ஆஸ்பத்திரில ஒரு மாசம் இருக்க வேண்டி வரும், அதுக்குள்ள பாதரசம் ஓடிட்டான்னு ஜக்கார்டு சொல்லிடுவான்னு, ஏழு பதில் எழுதி செவ்வாய் வெள்ளி வர்ற மாதிரி போட்டுட்டு போனாரு. நீங்க என்ன சொல்வீங்கனு அவருக்கு தான் தெரியுமே."

அவர் இறந்த பிறகு எனக்கு மூன்று பதில் வந்திருக்கிறது. மூன்றுக்கும் நான் காரசாரமாக எழுதியிருந்தேன். கடைசியாக எழுதியது, 'ஓடி ஒளியாதீர்கள் பாதரசம்.'

ஆதிலட்சுமி அம்மா ஒன்றுதான் கேட்டார். "எனக்கு படிக்க வராது சார். வேலைல இருந்து வந்தா அந்தப் பொட்டி எதிர்ல தான் குந்திகினு இருப்பாரு. அதுல இன்னா எழுதனாருனு ஒரு நாளு பொறுமையா கேக்கணும். அது எங்கயும் போயிடாதே?"

"போகாதும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். புகாரின் நாற்பத்தைந்து நாளில் இன்னும் பத்து நாள்தான் பாக்கி. அப்படி ஒரு புகார் இருப்பதையோ, அதைக் கொடுத்தது யார் என்பதையோ நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து திடலில் போட்டேன்: 'பாதரசம் காலமாகிவிட்டார். அவர் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.'

ஒரு நிமிஷத்தில் முதல் பதில் வந்தது. 'ஆதாரம்?'

போஸ்டரைப் போட்டோ எடுத்துப் போட்டேன். இந்தக் காலத்தில் செயற்கை நுண்ணறிவை வைத்து யாருக்கு வேண்டுமானாலும் கண்ணீர் அஞ்சலி செய்யலாம் என்றார் ஒருவர். போஸ்டரில் இருப்பது திருட்டு எழுத்துரு என்றார் இன்னொருவர். திருட்டு எழுத்துருவில் அச்சடித்த துக்கத்தை ஒரு கட்டற்ற மென்பொருள் ஆதரவாளர் ஏற்கலாமா என்று தனி விவாதம் ஆரம்பித்து 214 பதிலுக்குப் போனது. மரணம் என்றால் இருதயம் நிற்பதா, மூளை நிற்பதா என்று விஞ்ஞானப் பிரிவில் ஒன்று ஓடியது. டிவி பிரிவில், மலையிலிருந்து விழுந்த கதாநாயகன் நூறு எபிசோடு கழித்துத் திரும்பி வந்ததைச் சுட்டிக்காட்டி, அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அகல்யாவிடம் கேட்டு இறப்புச் சான்றிதழைப் போட்டேன். அதில் ஆரணி என்று இருந்ததால் விதி நான்கின்படி நீக்கினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கையும் வந்தது. ஊர்ப் பெயரைக் கறுப்பு அடித்துத் திரும்பப் போட்டேன். திருத்தப்பட்ட ஆவணம் செல்லாது என்றார்கள்.

பிறகு வாக்கெடுப்பு வைத்தார்கள். 'பாதரசம் இறந்துவிட்டாரா?' ஆம் 31 சதவீதம், இல்லை 44, கருத்தில்லை 25.

வாக்கெடுப்பு முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, நியாயமான மனிதர் ஒருவர் நேராக அவரிடமே கேட்டார். 'பாதரசம் அவர்களே, நீங்கள் இறந்துவிட்டதாக ஜக்கார்டு சொல்கிறார். உங்கள் பதில் என்ன?'

பத்து மணிக்கு வேடியப்பனின் ஐந்தாவது பதில் வந்தது. 'ஜக்கார்டு சொல்வது வழக்கம்போல முழுத் தவறு. மூன்றாவது கேள்விக்குப் பதில் எங்கே?'

விவாதம் முடிந்தது. அவரே மறுத்துவிட்டார் என்று நெறியாளர்கள் பூட்டுப் போட்டார்கள். உயிரோடு இருப்பவரைச் செத்ததாகச் சொன்னதற்கு எனக்கு இரண்டாவது எச்சரிக்கை. அதை என் மனைவி பரிமளாவிடம் சொன்னேன்.

"செத்தவரு பேச்சுக்கு இருக்கற மரியாத உங்களுக்கு இல்ல" என்றாள். "ஒம்போது வருஷமா அங்க இன்னாதான் கிழிச்சிகினு இருந்தீங்க?"

மேல்முறையீடு செய்தேன். மறுநாள் காணொளிக் கூட்டம். மூன்று நெறியாளர்களும் கேமராவை அணைத்துவிட்டார்கள். தலைமை நெறியாளர் எழிலரசன் மட்டும் பேசினார். நெறியாளர்களுக்கு விதி நான்கு கிடையாது என்பதால் அவருடைய பெயர், படம், படிப்பு மூன்றும் திடலின் முகப்பிலேயே இருக்கும்.

"ஜக்கார்டு, உங்க வருத்தம் புரியுது" என்றார். "தனிப்பட்ட முறையில எனக்கும் வருத்தம்தான், அவர் செத்திருந்தா. ஆனா திடல் தனிப்பட்ட வருத்தத்துல நடக்கற இடம் இல்ல. இங்க மனுஷங்க கிடையாது, பதிவுகள்தான். பதிவு வர்ற வரைக்கும் ஆள் இருக்கார்னு அர்த்தம். பதினாலு வருஷமா இப்படித்தான் நடத்தறோம். இதுவரைக்கும் ஒரு உறுப்பினர்கூட செத்ததில்ல."

"சார், அது முன்கூட்டியே எழுதி வெச்ச பதிவு. உங்களுக்கு உள்ள போய்ப் பாத்தாலே தெரியுமே."

"பாக்கலாம். பாக்க மாட்டோம். எப்ப எழுதினார்ங்கறது உறுப்பினரோட அந்தரங்கம். அத மதிக்கறதாலதான் நாங்க மத்த மன்றம் மாதிரி இல்ல."

"சரி சார், அவரு இருக்காரு. புகார நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"தாராளமா. குற்றம் சாட்டப்பட்டவர் சம்மதிச்சு ஒரு வரி எழுதணும். அவர் உரிமைய நாங்க பறிக்க முடியாது பாருங்க."

"செத்தவரு எப்படி சார் சம்மதிப்பாரு?"

"மறுபடியும் அங்கயே வர்றீங்க" என்றார் எழிலரசன், ரொம்பப் பொறுமையாக. "துக்கம் பகிர்ந்துக்கணும்னா அதுக்குத் தனிப் பிரிவு வெச்சிருக்கோம். 'இதர'வுக்குக் கீழ, பழைய பொருள் விற்பனைக்கு அடுத்தது."

வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் காரியம். போனேன். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. ஆறாவது பதில். 'ஜக்கார்டு இப்போது அமைதியாக இருப்பார். அமைதி பதில் ஆகாது.'

பரிமாறிக்கொண்டு வந்தவர், "சாம்பார் காரமா சார், கண்ணு கலங்குது" என்றார். ஆமாம் என்றேன்.

சாப்பிட்டபின் அகல்யாவைத் தனியே கூப்பிட்டு நிலைமையைச் சொன்னேன். புகார் என்று சொன்னேன், யாருடைய புகார் என்று சொல்லவில்லை. அவள் கேட்டுவிட்டு, "இவ்ளோதானா? அப்பா பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும் அங்கிள். அவர் எழுதற மாதிரியே நானே அந்தப் படிவத்த ரொப்பிடறேன். 'சாரி, இனிமே சொல்ல மாட்டேன்'னு ரெண்டு வரி. முடிஞ்சிது" என்றாள்.

அதோடு முடிந்திருக்கும். திடலில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

நான்தான் வேண்டாம் என்றேன். "ஒருத்தர் கணக்குல இன்னொருத்தர் அவரா நடிச்சி எழுதக் கூடாதும்மா. விதி ஒன்பது. உங்கப்பாவே அதுக்காகப் பல பேரப் பிடிச்சிக் குடுத்திருக்காரு. உண்மையச் சொல்லு. நான் அவர் மக, அப்பா தவறிட்டாருன்னு அவரு கணக்குல இருந்தே போடு. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

சனிக்கிழமை மதியம் அவள் அப்படியே போட்டாள். ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது.

'தாம் இறந்துவிட்டதாகப் பாதரசமே எழுதியுள்ளார். இது அவர் எழுதியது என்றால் பொய்த் தகவல். வேறொருவர் எழுதியது என்றால் விதி ஒன்பது மீறல். இரண்டில் எதுவாயினும் நிலுவையில் உள்ள புகாரோடு சேர்த்து வேரோடு நீக்கம். ஞாயிறு மாலை ஆறு மணி.'

மூன்று நாள் பாக்கி இருந்தது. உண்மையைச் சொல்லச் சொன்னதில் அதிலும் இரண்டு நாள் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் ஒவ்வொரு பதிவாகப் படிப்பது, ஆதிலட்சுமி அம்மா கேட்பது, அகல்யா திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. திடலில் காப்பி எடுக்க முடியாது. அறிவைத் திருடிவிடுவார்கள் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆதிலட்சுமி அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். லினக்ஸ் பற்றி அவர் எழுதியதைப் படித்தேன். ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும், "ஆமா, இப்படித்தான் பேசுவாரு" என்றார். நிலாவில் ஐஸ் விவாதத்தில் நான் எழுதியதையும் சேர்த்துப் படித்தபோது, "நீங்க சொன்னது தப்பு சார்" என்றார்.

"எப்படிம்மா சொல்றீங்க?"

"அவரு அன்னிக்கு சிரிச்சிகினே வந்து படுத்தாரு. அப்போ நீங்கதான தோத்துருப்பீங்க?"

மத்தியானம் சாப்பாடு போட்டார். ஜல்தியாகச் சாப்பிட்டுவிட்டு மயில் கழுத்து விவாதத்துக்கு வந்தோம். படித்துக்கொண்டே போனதில் அந்தப் பக்கம் வந்துவிட்டது. 'விதி 17 புகார். புகார் அளித்தவர்: ஜக்கார்டு71.'

நான் நிறுத்திவிட்டேன். அகல்யா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"படிங்க அங்கிள்" என்றாள். "எங்கம்மாவுக்கு படிக்க வராது இல்ல. நீங்கதான் படிக்கணும்."

படித்தேன். புகார் அளித்தவர் பெயரையும் படித்தேன்.

ஆதிலட்சுமி அம்மா, "கண்ணக் கடைல வெச்சிட்டு வந்தவருனு சொன்னதுக்கா?" என்றார்.

"ஆமாம்மா."

"என்னையும் அப்படித்தான் தெனிக்கும் சொல்லுவாரு சார். உப்பு கொறஞ்சா சொல்லுவாரு, சில்லற தப்பா வாங்கினு வந்தா சொல்லுவாரு. நான் யார்கிட்ட போயி மனு குடுக்கறது?"

எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார், நாம் கிளம்ப வேண்டியதுதான் என்று லேப்டாப்பை மூடினேன். ஒரு புடவையை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் குறுக்கே கட்டியிருந்த கொடியில் விரித்துப் போட்டார். மயில் கழுத்து.

"இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு எடுத்தாரு. இத டிவி பக்கத்துல வெச்சி வெச்சி பாத்து பேஜார் பண்ணிகினு இருப்பாரு. நீங்களும் ஒருவாட்டி பாத்துடுங்க. அவரு கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல இல்ல."

மணி ஐந்து இருக்கும். மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து புடவை பச்சையாக இருந்தது. எழுந்து வாசல்படிக்குப் போனேன். நீலம். திரும்ப ஜன்னல் பக்கம் வந்தேன். பச்சை. நடுவில் ஒரு இடத்தில் இரண்டும் இல்லாமல், எண் எதுவும் கொடுக்க முடியாத ஒரு நிறம். பட்டு ஊரில் பிறந்து இருபது வருடமாகப் பட்டுக்கு டிசைன் போடுகிறவன் நான். ஒரு புடவையை இரண்டு பக்கம் நின்று பார்த்ததில்லை. என் வேலை திரையோடு முடிந்துவிடும். பிறகு பார்த்தால் கடையில் டியூப்லைட்டுக்குக் கீழே, நேராக நின்று பார்ப்பதுதான்.

அகல்யா லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் நகர்த்தினாள்.

ஆறு மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது எழுதினேன். 'பாதரசம், மூன்றாவது கேள்விக்குப் பதில். ஒரே பக்கம் நின்றுதான் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி.' அனுப்பினேன். நெறியாளர் பார்வைக்குப் பின் வெளியாகும் என்று வந்தது. இரண்டு எச்சரிக்கை வாங்கியவர்களுக்கு அப்படித்தான்.

ஆறு மணிக்குப் பக்கத்தைப் புதுப்பித்தபோது வெள்ளையாக வந்தது. ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு எனக்கு ஒரு செய்தி. 'நீங்கள் பதிலளிக்க விரும்பும் பதிவு இல்லை.'

அகல்யா போனில் முந்நூற்றுப் பன்னிரண்டு படம் இருந்தது. ஆறாயிரத்தில் முந்நூறு.

செவ்வாய்க்கிழமை மாலை பழங்கள் வாங்கிக்கொண்டு திரும்பவும் போனேன். உள்ளே விடுவார்களா என்று தெரியவில்லை. விட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஆளை வேரோடு எடுத்தவர்கள், 'பின்னர் வெளியிடு'வில் இருந்ததை எடுக்க மறந்திருக்கிறார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முன்னாள் உறுப்பினர்' என்று இருந்தது. ஏழாவது பதில்.

'ஜக்கார்டு, அவசரமில்லை. நான் எப்படியும் இன்னும் கொஞ்ச நாள் படுக்கையில்தான் இருப்பேன். நிதானமாக ஒரு புடவையை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.'

சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆதிலட்சுமி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க சார், பதில் போடுங்க" என்றார். கொடியில் அந்தப் புடவை இன்னும் அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டே எழுதினேன். 'பார்த்துவிட்டேன். ஜன்னல் பக்கம் பச்சை. வாசல் பக்கம் நீலம். டிவியால் முடியாது.'

என்ன காரணமோ, இதை மட்டும் விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே ஒருவர் பதில் போட்டார்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் ஆதிலட்சுமி அம்மா.

"ஆதாரம் கேக்கறாங்கம்மா."

அவர் கொடியைப் பார்த்தார். "இங்கதான தொங்கினு இருக்குது. வந்து பாத்துட்டு போகச் சொல்லுங்க."

"ஊர் பேரு சொல்லக் கூடாதும்மா" என்றேன்.